கழுத்தைக் கவ்வும் சொல்

வேல்ஸ், பிரிட்டன்,
மாசி மாதம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமா? சினையாடுகள் குட்டி போட்டுவிட்டனவா?

போனில் நான் எதைக் கேட்டாலும் "கவலைப்படாதே கண்ணு" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். தம்பியைப் படிக்கச் சொல்லி முழுவதும் கேளுங்கள்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் ஆட்டு மேய்ச்சல்தான். இந்த நாட்டில் மனிதர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆடுகள். நம் மேச்சேரி ஆட்டைப் போல ஒட்டிய முடி இல்லை, ஒவ்வொன்றும் ஒரு கம்பளி மூட்டை. பின்னால் கோலோடு ஆள் போவதில்லை. வேலிக்குள் தாமாக மேய்கின்றன. வேலிக் கதவில் ஒரு பலகை இருக்கிறது. நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள், ஆடுகளை 'வொரி' செய்வது குற்றம் என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்த 'வொரி'க்குக் கவலைப்படுவது என்றுதான் பொருள். ஆட்டுக்கு என்ன கவலை என்று யோசித்தபடியே பல நாள் அந்தப் பலகையைக் கடந்தேன்.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் வாழ்நாள் எல்லாம் ஆடு வளர்த்தவர். அவரிடம் கேட்டேன். அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நடுங்கும் கையைத் தூக்கித் தன் குரல்வளையைப் பிடித்துக் காட்டினார். எனக்கு உடனே நம் பட்டி கண்ணில் வந்தது.

நூலகத்துக்குப் போய் அகராதியைப் பார்த்தேன் அப்பா. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது 'வியூர்கன்'. கழுத்தை நெரிப்பது என்று பொருள். ஜெர்மன்காரர்கள் இன்றும் கழுத்தை நெரிப்பதற்கு ஏறக்குறைய அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். பிறகு நாயோ ஓநாயோ ஆட்டின் கழுத்தைப் பல்லால் கவ்வி உலுக்குவதற்கு அந்தச் சொல் வந்தது. அதன்பின் ஒருவரை விடாமல் துரத்தித் தொல்லை செய்வதற்கு. 17ஆம் நூற்றாண்டில் மனத்தை வாட்டுவதற்கு. ஒருவர் தனக்குள் கவலைப்படுவது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. ஆட்டுக்காரர்கள் மட்டும் பழைய பொருளை விடவில்லை. நாய்களிடமிருந்து ஆடுமாடுகளைக் காக்க 1953இல் இங்கே வந்த சட்டத்திலும் அதே சொல்தான். கடித்தால் மட்டுமல்ல, துன்பம் உண்டாகும்படி விரட்டினாலே குற்றம். கட்டுப்பாடில்லாமல் ஆட்டு வயலில் நாய் திரிந்தாலும் குற்றம். சினையாடு மிரண்டு ஓடினால் குட்டி கலைந்துவிடும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தைய ஆண்டு, விடியற்காலையில், நம் பட்டியில் ஏழு ஆடுகள் கிடந்தன. தெருநாய்கள். ஏழுக்கும் காயம் ஒரே இடத்தில். நீங்கள் தோளில் இருந்த துண்டை எடுத்து ஒன்றின் கழுத்தை மூடினீர்கள். போச்சம்பள்ளி சந்தைக்கு ஓட்டிப்போக வைத்திருந்த ஆடுகள் அவை. அந்தப் பணத்தை நம்பித்தான் கடன் வாங்கியிருந்தீர்கள்.

தாத்தா கிணற்றில் மாடு கட்டி நீர் இறைத்ததையும் கவலை என்றுதானே சொல்வோம்? வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு மாடுகள் இறக்கத்தில் இறங்கும், பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏறும், மறுபடி இறங்கும். சொல் ஒன்றாக ஒலிப்பதால் எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் இரவில் வாசலுக்கும் பட்டிக்குமாக நடக்கிறீர்கள் என்று அம்மா சொன்னபோது அந்த மாடுகள்தான் நினைவுக்கு வந்தன. அந்தக் கவலையிலாவது ஒவ்வொரு நடைக்கும் ஒரு சால் தண்ணீர் மேலே வந்தது.

வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்து சத்தம் போட்டதையும் அம்மா சொல்லிவிட்டார்கள். அவர்களைக் கோபிக்காதீர்கள். நான்தான் துருவிக் கேட்டேன். அடுத்த முறை "கவலைப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அசல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புங்கள். மாதம் எவ்வளவு என்னால் அனுப்ப முடியும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கு இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

பட்டிக்கு இரும்பு வலை கட்ட 15,000 ரூபாய் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதை வட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். வலையின் அடியை ஒரு முழம் மண்ணுக்குள் புதைக்கச் சொல்லுங்கள்; நாய் தோண்டிக்கொண்டு வரும்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். பட்டியில் படுத்தால் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்