போனில் சொல்லாமல் விட்டது

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அல்காரிதத்தை, அதாவது ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழியை, உட்கார்ந்து படிப்பதா, இல்லை புரோகிராமின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட், பிழை தேடும் டீபகர், டேட்டாபேஸ் என்று அன்றாட வேலைக்கு உதவுவதைப் பழகுவதா என்று கேட்டாய். எனக்கு எழுதினால்தான் யோசனை ஒழுங்காக வரும்.

வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத உனக்கு முதலில் கருவிகள்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் முதல் வருடத்தில் பரீட்சைக்குப் படித்த அல்காரிதம் எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆனால் எழுதிய புரோகிராமைப் பத்திரமாக வைக்கத் தெரியாது. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கடைசி ஃபைனல்' என்று ஃபோல்டர்களைக் காப்பி எடுத்து வைத்திருப்பேன். ஒருநாள் தப்பான ஃபோல்டரை அழித்து மூன்று நாள் வேலை போனது. அன்றைக்கு எந்த அல்காரிதமும் எனக்குக் கைகொடுக்கவில்லை.

அப்புறம், கருவி கைவந்துவிட்டது என்ற தெம்பில் இருந்தபோது வேறொரு இடத்தில் முட்டிக்கொண்டேன். இரண்டு பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் 5 லட்சம் பெயர்கள். இரண்டிலும் இருப்பவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு லூப், அதற்குள் இன்னொரு லூப்: முதல் பட்டியலின் ஒவ்வொரு பெயரையும் மற்றதன் எல்லாப் பெயரோடும் ஒப்பிடும்படி எழுதினேன். நூறு பெயர் வைத்துச் சோதித்தால் கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. நிஜமான பட்டியலைக் கொடுத்து மாலையில் ஓடவிட்டுப் போனேன். காலையில் வந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது! எந்த வரி மெதுவாக இருக்கிறது என்று புரொஃபைலர் காட்டியது. ஏன் என்று சொல்லவில்லை. 5 லட்சத்தை 5 லட்சத்தால் பெருக்கினால் 25,000 கோடி ஒப்பீடுகள் என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு பட்டியலை, பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்துக்கு நேராகப் போகும் ஹாஷ் டேபிளில் போட்டு, மற்றதை அதில் தேடவிட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. பரீட்சையில் ஹாஷ் டேபிள் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சரியாக வேலை செய்தது இப்போது உடைந்திருக்கிறது, நடுவில் ஆயிரம் கமிட், அதாவது கிட்டில் சேமித்த மாற்றங்கள், இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்க்கிறேன் என்றாயே. அப்படிச் செய்யாதே. கிட்டில் பைசெக்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று சொல்லிவிட்டால், நடுவில் இருப்பதை எடுத்து உன்னிடம் கொடுக்கும். சோதித்துவிட்டு நல்லதா கெட்டதா என்று சொன்னால், பாதியைத் தள்ளிவிட்டு மீதியின் நடுவை எடுக்கும். ஆயிரத்துக்குப் பத்துமுறை போதும். இது என்ன என்று தெரிகிறதா? காலேஜில் 'இதையெல்லாம் யாரம்மா எழுதப்போகிறார்கள்' என்று நீ சலித்துக்கொண்ட அதே பைனரி சர்ச்.

சலித்துக்கொண்டதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, நாம் அதை எழுதுவது அபூர்வம்தான். எழுதியவர்களும் தடுக்கியிருக்கிறார்கள். ஜாவா மொழியின் சொந்த லைப்ரரியில் இருந்த பைனரி சர்ச்சில் ஒரு பிழை ஒன்பது வருடம் போல ஒளிந்திருந்தது. அந்த லைப்ரரியை எழுதியவர்களில் ஒருவரான ஜோஷுவா பிளாக் 2006-ல் அதைப் பற்றி எழுதினார். நடு இடத்தைக் காண, தேடும் பகுதியின் தொடக்கம், முடிவு என்ற இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் கூட்டுத்தொகை 214 கோடியைத் தாண்டினால் 32 பிட் எண்ணில் அடங்காமல் மைனஸாகிவிடும். புத்தகத்தில் இருப்பது சரி, மெஷினில் போட்டதும் தப்பு. அதனால்தான் அல்காரிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி என்று உனக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கையில் இருக்கும் கருவிக்குள் எட்டிப் பார்த்துப் படி. டேட்டாபேஸில் இண்டெக்ஸ் போட்டதும் தேடல் வேகமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாயே, அதற்குள் பி-ட்ரீ என்ற மர அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சாயங்காலம் பார். கிட்டுக்கு முன்னால் அதே வேலைக்கு நான் சிவிஎஸ் கற்று மறந்தேன், எஸ்விஎன் கற்று மறந்தேன், லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய கிட்டை இப்போது பயன்படுத்துகிறேன். இதுவும் ஒருநாள் போகலாம். பாதியாக வெட்டித் தேடுவதை மட்டும் இன்னும் திரும்பக் கற்க வேண்டி வரவில்லை.

சரி, பைசெக்ட் போட்டுப் பார்த்துவிட்டு எந்தக் கமிட் என்று சொல். அது உன்னுடையதாகவே இருந்தாலும் பரவாயில்லை, அம்மாவிடம் சொல்லலாம்.

அன்புடன்,
அம்மா