பொடியைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லிவிடம்மா

பாளையங்கோட்டை

அன்பு மகள் வசந்திக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். தம்பிக்கு நைட் ஷிப்ட் மாறிவிட்டது, இப்போது ராத்திரி வீட்டில்தான் சாப்பிடுகிறான். மாடியில் ஒழுகிய இடத்தைக் கொத்தனாரைக் கூப்பிட்டு அடைத்தாயிற்று. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. மேலவீட்டு அண்ணாச்சி மகளுக்கு ஆவணியில் கல்யாணம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் தனியாகப் பத்திரிகை வைத்திருக்கிறார்கள். வந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே வந்தால் யார் யார் என்ன கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும்.

போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். அவளும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள், நான் உள்ளே போனால் பேச்சு ரசப்பொடிக்கு மாறிவிடுகிறது. குழந்தைக்காக வைத்தியம் பார்ப்பதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நீ நினைப்பது புரிகிறது. எனக்கும் கூச்சம்தான். ஆனால் ரிட்டயர் ஆகும்வரை ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் நின்றவன் நான். எத்தனையோ பெண்பிள்ளைகள் முந்தானையில் சீட்டை மறைத்து நீட்டியிருக்கிறார்கள். வாங்கிப் பார்த்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மெதுவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் மகளுக்கு மட்டும் சொல்லாமல் இருப்பதா?

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பின்கட்டில் அம்மா குழவியை வைத்துக் கழற்சிக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். ஆச்சி பல்லாங்குழிக்கு வைத்திருந்தாளே, அதே காய். ஓடு சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கும், ஒரு அடிக்கு உடையாது, வழுக்கி வாசல்வரை ஓடும். அவள் சாக்கைப் போர்த்தி உடைத்து, பருப்பைத் தனியாக எடுத்து, வாணலியில் வறுத்தாள். யாருக்கு என்று கேட்டேன். எனக்குத்தான், மூட்டுவலிக்கு என்றாள். சாயங்காலம் அலமாரியில் கொரியர் ரசீதைப் பார்த்தேன். புனே என்று போட்டிருந்தது.

அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளே சொல்லிவிட்டாள். கழற்சிக்காயும் மிளகும் சேர்த்த பொடி, மரமஞ்சள் பொடி, கருஞ்சீரகம், எள், சதகுப்பை சேர்த்து இடித்தது, அப்புறம் அந்த வைத்தியர் கொடுத்த சிவப்புச் செந்தூரப் பொட்டலம். பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து நீ இதையெல்லாம் சாப்பிடுகிறாய் என்றும், டாக்டருக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் திட்டுவார்கள் என்று அவள்தான் சொல்லிவைத்தாள் என்றும் சொன்னாள். மாப்பிள்ளைக்கே தெரியாதாமே! அவர்தான் பாவம், டாக்டர் எழுதிய சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "மாமா, இந்த மாத்திரை சரிதானே" என்று கேட்டவர். முட்டை வளர லெட்ரோசோல், சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின், ஃபோலிக் ஆசிட். போன மாத ஸ்கேனில் முட்டை வளரவில்லை என்றும் அவர்தான் சொன்னார். நீ சொல்லவில்லை.

வசந்தி, நாட்டு மருந்து வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். 1964-ல் இருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் நம் ஊர். அங்கே படித்துவிட்டு வந்த டாக்டர்களோடு ஒரே வளாகத்தில் வேலை பார்த்தவன். அவர்கள் நாடி பார்ப்பார்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டும் கேட்பார்கள், வேறென்ன மாத்திரை ஓடுகிறது என்று கட்டாயம் கேட்பார்கள். நீ பொடி சாப்பிடுவதில் எனக்குக் கோபம் இல்லை. ஒளித்துச் சாப்பிடுகிறாயே, அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

லெட்ரோசோல் எப்படி வேலை செய்கிறது என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். தீட்டு வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கி ஐந்து நாள். அது ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்ச நாள் குறைக்கும். குறைந்ததும் மூளை எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும், அதில் முட்டை வளரும். பிறகு ஸ்கேனில் பார்த்து, 18 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தால் முட்டை வெடிக்க ஊசி. வரவில்லை என்றால் அடுத்த மாதம் 2.5 மில்லிகிராமை 5 ஆக்குவார்கள், அப்புறம் 7.5. டாக்டரின் கணக்கு முழுக்க அந்த ஸ்கேனில்தான் இருக்கிறது. இடையில் நீ மூன்று வகைப் பொடி சாப்பிட்டால், மாத்திரை கேட்கவில்லையா, பொடி குறுக்கே நின்றதா, இல்லை பொடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒரே குழம்புக்கு இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் உப்புப் போட்ட கதைதான். டாக்டரிடம் சொல்லிவிடம்மா.

மரமஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் ஆராயாமல் விடவில்லை. அதிலிருக்கும் பெர்பெரின் என்ற சத்தை வைத்துச் சீனாவில் பெரிய ஆய்வே நடத்தினார்கள், 2016-ல் வெளியானது. உன்னைப் போலவே சினைப்பையில் நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.டி. இருந்து குழந்தைக்குக் காத்திருந்த 644 பெண்கள். ஒரு பிரிவுக்கு லெட்ரோசோல், ஒரு பிரிவுக்குப் பெர்பெரின், இன்னொரு பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டவர்களில் 36 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பெர்பெரின் மட்டும் என்றால் 22 சதவீதம். இரண்டும் சேர்த்தவர்களுக்கு 34. அதாவது சேர்த்துக் கொடுத்ததால் எதுவும் கூடவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ மரமஞ்சள்லயும் பிறக்குதுல்ல" என்றாள். பிறக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும்போது அதன்மேல் இதைப் போட்டு என்ன கிடைக்கப்போகிறது? கருத்தரித்த பிறகு பெர்பெரின் கூடவே கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும், பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலையைக் கூட்டும்.

அடுத்தது அந்தக் கருஞ்சீரகம், எள், சதகுப்பை. அவை எதற்கு என்று உன் அம்மாவுக்கே தெரியும். நின்றுபோன தீட்டை வரவைக்கிற சரக்கு. முட்டை வெடிக்க ஊசி போட்ட பிறகு வருகிற இரண்டு வாரத்தில் அதைச் சாப்பிடலாமா? ஆச்சி இருந்திருந்தால் விடுவாளா? தள்ளிப்போன மருமகள்களுக்கு எள்ளுருண்டையைக்கூடக் கண்ணில் காட்டாதவள் அவள். தப்பு இங்கிலீஷ் மருந்திலும் இல்லை, தமிழ் மருந்திலும் இல்லை. எந்த நாளில் எதைச் சாப்பிடுவது என்று ஒருவர் பொறுப்பாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். இப்போது உனக்கு அப்படி ஒருவரும் இல்லை. அங்கே டாக்டருக்குப் பொடி தெரியாது, இங்கே அம்மாவுக்கு ஸ்கேன் தேதி தெரியாது.

மெட்ஃபார்மினும் அப்படித்தான். அதை மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை ரொம்பத் தாழாது. கழற்சிக்காய்க்கும் மரமஞ்சளுக்கும் சர்க்கரையைக் குறைக்கிற குணம் உண்டு. நீயோ காலையில் காபியோடு ஓடுகிறவள், மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவள். கை நடுக்கம், வேர்வை, கண் இருட்டுவது ஏதாவது வந்ததா? வந்திருந்தாலும் நீ சொல்லமாட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு. ஆபீஸ் பையில் இரண்டு பேரீச்சம்பழம் போட்டுக்கொள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் அந்தச் சிவப்புப் பொட்டலம். கடையில் விற்கிற சித்த மருந்து என்றால் லேபிளில் என்னென்ன சரக்கு, உரிம எண், பேட்ச் எண் எல்லாம் இருக்க வேண்டும். இதில் பேப்பரில் மடித்து ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது, அவ்வளவுதான். செந்தூரம் என்றாலே உலோகச் சரக்கு. முறைப்படி புடம் போட்டார்களா, யார் போட்டார்கள், எதுவும் நமக்குத் தெரியாது. 2011, 2012-ல் நியூயார்க்கில் ஆறு கர்ப்பிணிகளுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததைச் சுகாதாரத் துறை கண்டுபிடித்தது. ஆறு பேருமே இந்தியாவிலிருந்து போன ஆயுர்வேத மருந்து சாப்பிட்டவர்கள். ஈயம் எலும்பில் போய்த் தங்கிவிடும், பிள்ளை உண்டானால் அதற்கும் போகும். மற்றதையெல்லாம் டாக்டரிடம் கேட்டு முடிவுசெய். இதை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடு. இதில் நான் கெஞ்சவில்லை, கண்டிப்பாகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளையின் அக்கா நெட்டில் பார்த்துவிட்டு, லெட்ரோசோல் கேன்சர் மாத்திரையாயிற்றே என்று உன்னிடம் சொன்னாளாம். மார்பகப் புற்றுநோய்க்கும் இதைக் கொடுப்பது உண்மைதான். அவர்களுக்குத் தினமும், வருஷக்கணக்கில். உனக்கு ஐந்து நாள். கரு பதிகிற சமயத்துக்குள் பெரும்பாலும் உடம்பைவிட்டுப் போய்விடும். 2011-ல் நம் நாட்டில் குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று தடை வந்ததும் உண்மை. நான் வேலையில் இருந்த காலம், நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2017-ல் தடையை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க பி.சி.ஓ.டி.க்கு முட்டை வளரக் கொடுக்கிற முதல் மாத்திரையே இதுதான். அமெரிக்காவில் 750 பெண்களிடம் பார்த்ததில், பழைய குளோமிஃபீன் மாத்திரையில் 19 சதவீதம் பேருக்கும் இதில் 27 சதவீதத்துக்கு மேலும் குழந்தை பிறந்தது. 2014-ல் வந்த முடிவு. அவர்களுக்கே ஐந்து மாதம்வரை கொடுத்துப் பார்த்த பிறகுதான் அந்தக் கணக்கு. ஒரு மாதம் வளரவில்லை என்று நீ போனை அணைத்துவிட்டுப் படுத்தால் எப்படி?

பொங்கலுக்கு வந்தபோதே பார்த்தேன். மாடியை விட்டு இறங்கவே இல்லை. எதிர்வீட்டில் பிள்ளைக்குப் பேர் விட்டபோது தலைவலி என்று சொல்லிவிட்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாயோ என்று பயந்தேன். உன் மாமியார் ஏதாவது சொல்கிறார்களா? சொன்னால் சொல்லட்டும். உனக்கு நீர்க்கட்டி வந்தது நீ எதையோ சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ இல்லை, லேட்டாகக் கல்யாணம் பண்ணியதாலும் இல்லை. பத்துப் பெண்களை எடுத்தால் அதில் ஒருத்திக்கு இருக்கிற விஷயம். பேச்சி அத்தை பட்டதை நீ பார்த்திருக்கிறாய். அந்தக் காலத்தில் அவளுக்கு என்ன என்று சொல்லக்கூட ஆள் இல்லை. உனக்கு அப்படி இல்லை. படித்தவள் நீ, பக்கத்தில் நிற்கிற மனுஷனும் இருக்கிறார்.

ஆச்சிக்கு இன்சுலின் போட்டவள் நீதான். பத்தாவது படிக்கிற பிள்ளை, எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் ஆச்சி என்ன சாப்பிட்டாள் என்று தினசரிக் காலண்டர் தாளில் எழுதிவைத்தாய். டாக்டர் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது யார் எழுதியது என்று கேட்டார். என் மகள் என்று சொன்னபோது எனக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியாது. அப்படி எழுதத் தெரிந்தவள் தன் உடம்புக்கு மட்டும் எழுதாமல் இருப்பது என்ன நியாயம்?

ஒரு தாளை எடு. எந்தப் பொடி, எத்தனை ஸ்பூன், எந்த வேளையில், என்றையிலிருந்து, கடைசியாக எப்போது என்று எழுது. டாக்டரிடம் கொடு. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டினால் போதும். திட்டினால் அம்மா அனுப்பினாள் என்று சொல், இல்லை நான் அனுப்பினேன் என்றே சொல்லிக்கொள். மாப்பிள்ளையிடமும் இன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடு. அவருக்கு வேறு யாராவது சொல்லித் தெரியக் கூடாது. சித்த மருந்தும் வேண்டும் என்று உனக்கு மனதில் பட்டால், நான் இங்கே கல்லூரி ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவைக்கிறேன். உன் ரிப்போர்ட் எல்லாம் கொண்டுவா, முறையாகக் காட்டுவோம். அவர்கள் எழுதித்தருவதை அங்கே உன் டாக்டரிடமும் காட்டு. இரண்டு பக்கமும் தெரிந்து சாப்பிட்டால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

அடுத்த பார்சலில் கூழ்வடகமும் நார்த்தங்காயும் வருகிறது. பொடி வராது. அம்மாவிடம் பேசிவிட்டேன்.

நீ சண்டை போட்டாலும் சரி, போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: அந்தச் சிவப்புப் பொட்டலத்தைச் சாப்பிடுவதை நிறுத்து என்றுதான் சொன்னேன், குப்பையில் கொட்டிவிடாதே. டாக்டர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். ஒரு டப்பாவில் போட்டு மூடி, சமையல் சாமானோடு சேராமல் தனியாக வை. ரத்தத்தில் ஈயம் பார்க்கலாமா என்று நீயே கேள். பணம் தம்பி கணக்கிலிருந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.