ஆண்டறிக்கை 2024–25: பூங்கா மண்ணில் ஈயம்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சத்துவாச்சாரி குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குடிநீர், கால்வாய் தூர்வாரல் விவரங்கள் வரவு செலவுக் கணக்கோடு உங்கள் கையில் உள்ளன. இந்த அறிக்கையைப் பூங்கா மண்ணுக்கே ஒதுக்குகிறேன்.

முன்பு பேட்டரி பழுதுபார்க்கும் கொட்டகை இருந்த வடக்கு ஓரத்தில், வேப்பமரத்தடியைக் கொத்தியபோது சாம்பல் நிறத் தகட்டுத் துண்டுகள் வந்தன. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தன. சாதாரண மண்ணில் கிலோவுக்கு 10 முதல் 50 மில்லிகிராம் ஈயம் இருக்கும். ஆய்வில் அங்கே அதைப்போலப் பல மடங்கு இருப்பது தெரிந்தது. நெடுஞ்சாலை ஓரப் பாத்திகளிலும் சற்றுக் கூடுதல்தான். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனாலும், அதுவரை படிந்தது மண்ணைவிட்டுப் போகாது.

கடுகும் சூரியகாந்தியும் ஈயத்தை உறிஞ்சிவிடுமே என்று பலர் கேட்டீர்கள். வேரைத் தாண்டி ஈயம் இலைக்கு ஏறுவது மிகக் குறைவு. ஏற்றுவதற்கு இ.டி.டி.ஏ. போன்ற வேதிப்பொருளை ஊற்றினால், கரைந்த ஈயம் நிலத்தடி நீருக்கும் இறங்கலாம். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த நமக்கு அந்த வழி வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்தது.

தேர்ந்தெடுத்தது தொழு உரம். நன்கு மட்கிய உரம் ஈயத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதிலுள்ள பாஸ்பேட்டோடு சேரும் ஈயம் எளிதில் கரையாது. அரைகுறையாக மட்கிய குப்பை கூடவே கூடாது. அதிலிருந்து கரைந்து வடிவது ஈயத்தையும் இழுத்துக்கொண்டு போகும். நம் ஊர் வெயிலில் மட்கு சீக்கிரம் சிதைந்துவிடுவதால், ஆண்டுதோறும் ஆடிக்கு முன் உரம் இட்டே ஆக வேண்டும்.

குழந்தைகளின் உடலுக்குள் மண் ஈயம் போவது பெரும்பாலும் கையில் ஒட்டிய மண்ணாலும் புழுதியாலும்தான். அதனால் கொட்டகை இடம் முழுக்க அருகம்புல்லும் ஓரத்தில் வெட்டிவேரும் வைத்து மூடியிருக்கிறோம். அங்கே வெட்டும் புல்லை உரக்குழியில் போடாதீர்கள், மாட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

மற்ற பாத்திகளில் இலவம்பாடி முள்ளுக் கத்தரியும் தக்காளியும் நிற்கின்றன. காய்க்கு ஈயம் ஏறுவது அரிது. கீரையும் முள்ளங்கியும் வெளிமண் நிரப்பிய தொட்டியில் மட்டுமே. எதையும் நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

வரும் ஆண்டின் மறு ஆய்வில் மொத்த ஈயம் குறைந்திருக்காது. கரையும் பங்கு குறைந்திருக்கிறதா, மண்ணின் கார அமில நிலை எப்படி என்று பார்க்க வேண்டும். அதற்கும் தொழு உரத்துக்குமான செலவுக்குப் பொதுக்குழு ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்