பாப்பாவுக்கு, தக்காளிக்குத் தாய் தேடுவது பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம்.

பெங்களூரு வீட்டு மாடியில் தக்காளியைக் கலப்புச் செய்யப் போவதாகப் போனில் சொன்னாய். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் அர்கா ரக்‌ஷக் பழத்து விதையைப் போட்டு, அந்தச் செடியைத் தகப்பனாக, அதாவது மகரந்தம் கொடுக்கும் செடியாக வைக்கலாமா என்று கேட்டாயே, அது வேண்டாம். இலைச் சுருள், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் நல்ல தக்காளிதான். ஆனால் அதுவே இரண்டு வகைகளைக் கலந்து உண்டாக்கிய வீரிய ஒட்டு. அதன் விதையில் முளைப்பவை ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஆறேழு தலைமுறை பிசகாமல் தன்னைப்போலவே வந்த ரகத்தை எடு. நம் அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய பிகேஎம் 1 அப்படிப்பட்டது.

அதன் பழத்தில் காம்புப் பக்கம் பச்சை இருக்கும். அது ஓங்கு குணம். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றில் இருந்தாலும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் எல்லாவற்றிலும் வந்துவிடும். பச்சை வேண்டாமென்றால் தாய், தகப்பன் இரண்டிலுமே அது இருக்கக் கூடாது. நோய் தாங்கும் குணங்களில் பலவற்றுக்கு ஒரு பக்கம் இருந்தாலே போதும்.

நீ எட்டாவது படித்தபோது நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். எருக்குழி ஓரத்தில் ஒரு செடி தேங்காய் மூடி அளவுக்குக் காய்த்தது. மயங்கிப்போய் அதையே தகப்பனாக்கினேன். பிள்ளைகள் எல்லாம் சாதாரணக் காய். அந்தப் பருமன் எருவுடையது, வம்சத்துடையது இல்லை. ஒரு பருவம் முழுக்க வீணாயிற்று. அதனால் ஓரச் செடியை எடுக்காதே. ஒரே மண், ஒரே தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு செடி வைத்து, மற்றவை வாடும்போதும் தாங்கி நிற்பதைப் பார்.

விதை தாயின் பழத்தில்தான் விளைகிறது. எனவே நிறையக் காய் பிடிக்கும் செடி தாய், மகரந்தம் தாராளமாகக் கொட்டும் செடி தகப்பன். உருளைக்கிழங்கு இலைபோல ஓரம் வெட்டில்லாத இலையுள்ள ரகம் கிடைத்தால் அதைத் தாயாக்கு. தகப்பனுக்கு வெட்டுள்ள சாதாரண இலை இருந்தால் அதுதான் ஓங்கு குணம். அதனால் நாற்றிலும் தாயின் இலையே வந்தால் கலப்பு நடக்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும், பிடுங்கிவிடு.

தாய்ச் செடியில் இதழ் இளமஞ்சளாகி, விரியாத மொட்டாகப் பார்த்து, மாலையில் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடு. பூவின் நடுவில் காயாக மாறும் சூலகத்தில் இடுக்கி படக் கூடாது. மறுநாள் காலையில் தகப்பன் செடியின் மகரந்தத்தைச் சூலகத்தின் நுனியில் தடவி, காம்பில் நூல் கட்டிவிடு.

பிகேஎம் 1 விதையை அம்மா காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் அனுப்புகிறேன். பாத்தி நடுவில் நின்ற செடியில் எடுத்தது.

அன்புடன்,
அப்பா