கோதிக் பேராலயங்களில் அலங்காரமும் சுமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கட்டடக்கலைப் பாணிகளைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பல நூற்றாண்டுகளைச் சில பக்கங்களில் அடக்குவது எளிதன்று என்பதால் அம்முயற்சி பாராட்டுக்குரியது. ஆயினும், அரைவட்ட வளைவு இருந்தால் ரோமனெஸ்க் (கோதிக்குக்கு முந்திய இடைக்காலப் பாணி), உச்சி கூரான கூர்வளைவு இருந்தால் கோதிக் என்று கட்டுரையாளர் வாய்பாடு வகுத்திருப்பதையும், வண்ணக் கண்ணாடி, கூர்ச்சிகரங்கள், வெளிப்புற முட்டுகள் ஆகிய அனைத்தையும் ‘அலங்கார மிகுதி’ என்று தள்ளிவிட்டிருப்பதையும் ஏற்க இயலவில்லை.

கூர்வளைவு கோதிக் பாணியின் தனியுடைமை அன்று. கெய்ரோவில் 879 ஆம் ஆண்டு முடிக்கப்பட்ட இப்னு துலூன் பள்ளிவாசலின் வளைவு வரிசைகள் கூர்வளைவுகளே. இங்கிலாந்தில் 1093 இல் தொடங்கப்பட்ட டர்ஹம் பேராலயத்தைப் பருத்த தூண்களையும் அரைவட்ட வளைவுகளையும் கொண்டு ரோமனெஸ்க் வகையில் வைக்கிறோம். ஆனால் 1133 வாக்கில் முடிந்த அதன் நடுக்கூடத்துக் கூரையில் கல்விலாக்களும் (கூரையைத் தாங்கும் விலா எலும்பு போன்ற கல்வளைவுகள்) இருக்கின்றன, குறுக்கே கூர்வளைவுகளும் இருக்கின்றன. பாரிஸை அடுத்த சாந்த் தெனி மடாலயத்தில் மடாதிபதி சூஜே புதுப்பித்த கிழக்குப் பகுதி 1144 இல் திறக்கப்பட்டபோது புதிதாக இருந்தது எந்தத் தனி உறுப்பும் அன்று. முன்பே தெரிந்த உறுப்புகளை ஒன்றோடொன்று இணைத்து, சுவருக்கு வேலையைக் குறைத்து, அந்த இடத்தைக் கண்ணாடிக்கு விட்டுக்கொடுத்த முறைதான் புதிது.

அந்த இணைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதி. அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஆகவே நீள்சதுரப் பரப்பொன்றின் நான்கு பக்கங்களிலும் அரைவட்டங்களை எழுப்பினால், அகன்ற பக்கத்து வளைவு உயர்ந்தும் குறுகிய பக்கத்து வளைவு தாழ்ந்தும் நிற்கும். மேலே கூரையை ஒரே மட்டத்தில் மூடுவது பெரும்பாடு. கூர்வளைவில் அகலம் எதுவாயினும் உச்சியை வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரே அகலத்துக்கு அது பக்கவாட்டில் தள்ளும் விசையும் குறைவு. எஞ்சிய விசையை, பக்கக் கூடங்களின் கூரைக்கு மேலாகத் தாவி நிற்கும் சாய்வளைவுகள் ஏந்திக்கொண்டுபோய் வெளியே நிற்கும் முட்டுத்தூண்களிடம் ஒப்படைக்கின்றன. அம்முட்டுத்தூண்களின் தலையில் உள்ள சிறு கூர்ச்சிகரத்தைக் கட்டுரையாளர் வெறும் ஒப்பனை என்கிறார். அதன் எடைதான் தூணின் மேற்பகுதிக் கற்கள் பக்கமாக நழுவாதபடி அழுத்திப் பிடிக்கிறது.

இக்கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சின் போவே பேராலயம் சான்று. தரையிலிருந்து ஏறத்தாழ 48 மீட்டர் உயரத்தில் எழுப்பப்பட்ட அதன் கல்கூரையின் ஒரு பகுதி 1284 இல் இடிந்து விழுந்தது. பழைய தூண்களுக்கு இடையிடையே புதிய தூண்களை நிறுத்தித்தான் அதை மீண்டும் மூட முடிந்தது; இன்று உள்ளே நிற்பவரும் அந்நெருக்கத்தைக் காணலாம். பிற்காலத்தில் நடுவே எழுப்பிய பெருங்கோபுரமும் 1573 இல் சரிந்தது. அப்பேராலயத்தின் நடுக்கூடம் இன்றுவரை கட்டப்படவே இல்லை.

படங்களுக்கான குறிப்புகளிலும் திருத்தம் தேவை. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் மேல்மாடத்தில் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருக்கும் கொம்புள்ள உருவத்தை ‘இடைக்கால மக்களின் அச்சத்தின் வடிவம்’ என்று குறிப்பிட்டுள்ளீர்கள். அது 19 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே லெ டூக் தலைமையில் நடந்த சீரமைப்பின்போது சேர்க்கப்பட்டது. நம் கோயில்களின் கோமுகியைப் போல நீரை வெளியேற்றும் கல்தூம்புகள் வேறு. அவை சுவரிலிருந்து நீண்டு நின்று, மழைநீர் கல்லை அரிக்காதபடி தள்ளி விழச்செய்பவை. 2019 ஏப்ரல் தீவிபத்தில் விழுந்த நோத்ர தாம் கூர்கோபுரமும் வியோலே லெ டூக் காலத்ததே. அவ்வாறே, 13 ஆம் நூற்றாண்டின் சாதனையாகக் காட்டப்பட்டுள்ள கொலோன் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள், 1248 இல் தொடங்கி இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு அருகில் நின்றுபோன பணி 1842 இல் மீண்டும் தொடங்கிய பிறகு, 1880 இல்தான் முழுமை பெற்றன. சென்னைச் சாந்தோம் பேராலயம்கூட கோதிக் பாணிக்கு மீண்டும் உயிர்கொடுத்த அந்த 19 ஆம் நூற்றாண்டுப் புதுக்கோதிக் அலையில் எழுந்த கட்டடமே. 1896 இல் திருநிலைப்படுத்தப்பட்டது.

அடுத்த இதழில் மறுமலர்ச்சிக் காலக் கட்டடங்கள் விரிவாக இடம்பெறும் என அறிவித்துள்ளீர்கள். ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தைத் தவிர்த்து அப்பகுதியை எழுத இயலாது. கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி 1420 இல் தொடங்கி 1436 இல் முடித்த அக்குவிமாடம் கூர்வளைவின் வடிவில் எழுவது. வெளியே எட்டு வெள்ளை விலாக்களும் தெரிகின்றன. கட்டுரையாளரின் வாய்பாட்டைப் பின்பற்றினால் அதையும் கோதிக் கணக்கில்தான் சேர்க்க நேரும். அங்கே வெளிப்புறத்துச் சாய்வளைவு முட்டுகள் கிடையா. சுமார் 45 மீட்டர் அகலமுள்ள அக்கூரை விரிந்து பிளக்காதிருக்க, கல்லாலும் மரத்தாலும் ஆன வளையச் சங்கிலிகளை அதன் உடலுக்குள்ளேயே புதைத்துக் கட்டினார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி