அரையோடு கூட்டினால் எப்படிக் குறையும்?

அன்புள்ள அக்கா,

இன்று அக்டோபர் 5, உலக ஆசிரியர் தினம். வாழ்த்துச் சொல்ல எழுதவில்லை. உங்கள் இடத்துக்கு வந்தவரும் போன வாரம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். உங்களுக்குப் பிறகு அவர் மூன்றாவது ஆள். ஆறு வருடமாகத் தயங்கியதை இன்று கேட்டுவிடுகிறேன். திரும்பி வாருங்கள்.

கேட்கத் தூண்டியது அந்தப் பின்னக் கணக்குதான். ஐந்தாம் வகுப்பு, கடைசி பீரியட். பதிவேடு வாங்க வந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று கரும்பலகையில் எழுதியிருந்தான் அந்தப் பையன். நானாக இருந்தால் அழித்துவிட்டு மீச்சிறு பொது மடங்கை ஆரம்பித்திருப்பேன். நீங்கள் அழிக்கவில்லை. "சரி, அரை பெரிதா, ஐந்தில் இரண்டு பெரிதா? வரைந்து பார்" என்றீர்கள். ஒரே நீளத்தில் இரண்டு பட்டை போட்டான். ஒன்றை இரண்டாகவும் மற்றதை ஐந்தாகவும் பிரித்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். வகுப்பில் சத்தமே இல்லை. நீங்களும் வாய் திறக்கவில்லை. அப்புறம், "டீச்சர், அரையோட இன்னும் சேர்த்தேனே, எப்படிக் குறைஞ்சுது?" என்று கேட்டான். சாக்பீஸை அவனிடமே விட்டுவிட்டுப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்கள். மணி அடிப்பதற்குள் எல்லாவற்றையும் ஆறாகப் பிரித்து, ஆறில் ஐந்துக்கு அவனே வந்து சேர்ந்தான். நான் பதிவேட்டை வாங்காமலே திரும்பினேன்.

அந்த மீட்டிங்கில் யார் என்ன பேசினார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். பலர் படிப்பார்கள். "பாடம் முடியவில்லை" என்று உங்களைக் குற்றம் சொன்னபோது, வாசலில் பார்த்ததை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, மன்னியுங்கள். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. உண்மையான காரணம்தான். இருந்தும் எழுதும்போது கூசுகிறது.

ஆனால் அக்கா, நீங்களும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வருடத்தின் நடுவில் போனீர்கள். உங்கள் பிள்ளைகள் அத்தனை பேரையும் என் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தப் பையன் இரண்டு வாரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு போன் செய்திருக்கலாம் நீங்கள்.

2030க்குள் உலகத்துக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது யுனெஸ்கோ. தொடக்கப்பள்ளி வேலையை விட்டுப் போகிறவர்கள் 2015இல் 4.6 சதவீதமாக இருந்து 2022இல் 9 சதவீதமாகிவிட்டார்களாம். படித்தபோது உங்கள் நாற்காலிதான் கண்ணில் நின்றது. புதிதாக எத்தனை பேரைப் பயிற்றுவித்தாலும், தப்பான விடையை அழிக்காமல் காத்திருக்கிற பொறுமை வர வருடங்கள் ஆகும். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

பாடப் புத்தகம் மாறியிருக்கிறது, அது பெரிய விஷயமில்லை, உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். ஆன்லைன் பதிவுகளை நான் போட்டுவிடுகிறேன். முழு நேரம் முடியாதென்றால் வாரத்தில் இரண்டு நாள் கேட்டுப் பார்ப்போம். இந்த முறை அந்த மீட்டிங் அறைக்கு உங்களோடு நானும் வந்து பேசுகிறேன்.

முதல் வாரம் என் வகுப்பில் பின் பெஞ்சில் சும்மா உட்காருங்கள், போதும். பின்னப் பாடத்தை இன்னும் ஆரம்பிக்காமல் வைத்திருக்கிறேன்.