இரண்டாவது கையெழுத்து

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் மெசேஜுக்கு இரண்டு கிழமையாகப் பதில் போடவில்லை, கோபிக்காதே. பகலில் வேலை, இரவில் நான் கட்டி அழுகிற அந்த பக்கேஜ் மனேஜர், அதுதான் மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைகளையும் தேடிப் போட்டுத்தருகிற என் புரோகிராம். நடுவில் கச்சான் காற்று வேறு நெருப்பாக அடிக்கிறது. கோட்டையடி மான்கள்கூட வெயில் தாங்காமல் கடை நிழலில் வந்து படுக்கின்றன. அம்மா சுகம். நீ அனுப்பிய சொக்லேட்டை ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறார்.

2008 இல் தபாலில் உபுண்டு இயங்குதள சிடி வந்தது ஞாபகமா? வீட்டில் இணைப்பு இல்லை. பென் டிரைவோடு டவுன் நெட் கஃபேக்குச் சைக்கிள் மிதித்து, ஒரு மென்பொருளின் டெப் கோப்பை இறக்கிக்கொண்டு உப்புவெளிக்குத் திரும்பினால், அதற்குத் துணையாக வேண்டிய இன்னொரு லைப்ரரி இல்லையென்று திரையில் நிற்கும். திரும்பவும் சைக்கிள். ஒரு வீடியோ பிளேயருக்காக மூன்று தரம் போனோம். மூன்றாம் தரம் செயின் கழன்றது. உபுண்டுவின் பக்கேஜ் மனேஜரான ஆப்ட் செய்கிற வேலையை அன்று நம் கால்கள் செய்தன.

சரி, இப்போதைய கதை. தங்கச்சியின் மகள் கம்பஸில் கணினி படிக்கிறாள். போன மாதம் என் மனேஜரைப் போட்டுப் பார்த்தாள். நாற்பது வரியில் பிழைச் செய்தி வந்தது. முழுவதையும் பொறுமையாக வாசித்துவிட்டு, “மாமா, இதில் எந்த வரி எனக்கு?” என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. அத்தனையும் நான் பிழை தேடுவதற்காக எழுதிவைத்த வரிகள்.

லைப்ரரிகளின் பதிப்புகளை ஒன்றோடொன்று ஒத்துப்போகப் பொருத்துவது கல்யாணத்துக்கு ஆள் அழைப்பது மாதிரி. பெரியப்பா வந்தால் சித்தப்பா வரமாட்டார், சித்தப்பா இல்லாமல் மாமி வரமாட்டார். நாலு பேர் என்றால் சமாளிக்கலாம், நானூறு பேர் என்றால் கணினியே திணறும். என்பி-முழுமை என்று படித்தோமே, விரைவாகத் தீர்க்க வழி தெரியாத அந்த வகைக் கணக்கு. டார்ட் என்ற புரோகிராம் மொழிக்காரர்கள் இதற்காக 2018 இல் கொண்டுவந்த பப்கிரப் முறை எனக்குப் பிடித்திருந்தது. முடியாது என்று சொல்வதோடு நிற்காமல், யாருக்கும் யாருக்கும் எதனால் ஆகாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளும். அதைத் தழுவித் திருத்தி எழுதினேன். இப்போது மருமகளுக்கு வருவது மூன்றே வரி: நீங்கள் கேட்டது இது, அதற்கு இந்த லைப்ரரியின் 3 ஆம் பதிப்பு வேண்டும், ஏற்கனவே இருக்கிற இன்னொன்று 2 ஐ விடமாட்டேன் என்கிறது.

ஆனால் எழுத வந்த விஷயம் வேறு. ஆறு மாதமாக ஒருவர் என் மனேஜருக்குத் திருத்தங்கள் அனுப்புகிறார். முகம் தெரியாது, வேலை சுத்தம். போன கிழமை, “ரிலீஸ் வேலையை நானே பார்க்கிறேனே” என்றார். எனக்கும் களைப்பு, கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது லினக்ஸில் கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்இசட்டின் கதை ஞாபகம் வந்தது. அங்கும் இப்படித்தான், இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரிடம் நம்பிக்கை சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்தார்கள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்பவர், தூரத்துக் கணினிக்குள் நுழைகிற எஸ்எஸ்எச் லொகின் அரைச் செக்கன் பிந்துகிறதே என்று கிளறப்போய் அகப்பட்டது. அதைக் கிளப்பிவிடுகிற துண்டு, எல்லாரும் பார்க்கிற கோட் இருக்கும் கிட்டில் இல்லை, வெளியிடுவதற்காகக் கட்டிவைத்த ரிலீஸ் டார் கோப்பில் மட்டும் இருந்தது. அந்தப் பராமரிப்பாளரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவர் நல்லவராகத்தான் இருப்பார். நாமும் ஒரு காலத்தில் முகம் தெரியாதவர்களாகத்தானே திருத்தம் அனுப்பினோம்? அதனால் ஆளைச் சந்தேகிக்காமல் முறையை மாற்றினேன். இரண்டு பேர், தத்தம் கணினியில், கிட்டில் உள்ள கோட்டிலிருந்தே ரிலீஸ் கோப்பைக் கட்ட வேண்டும். கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ-256 ஹாஷ் ஒத்துவந்தால்தான் இருவரும் கையெழுத்துப் போட்டு ரிலீஸ். எனக்கும் இதே சட்டம்தான்.

கேட்க லேசு. ஒரே கணினியில் இரண்டு தரம் கட்டினேன், இரண்டு ஹாஷ்! டார் கோப்புக்குள் கட்டிய நேரம் பதிந்திருந்தது. அதைச் சரிசெய்ய, கோப்புகளின் வரிசை காலை வாரியது. மூன்று இரவு போய்விட்டது. இப்போது என்னிடம் ஒத்துவருகிறது. ஆனால் என் லப்டொப் இலங்கை நேரத்தில் ஓடுகிறது, உன்னுடையது டொரொண்டோ நேரத்தில்; அங்கும் ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது கையெழுத்து நீ போடுவாயா? கோட் எழுதத் தேவையில்லை, மாதம் ஒரு மணித்தியாலம் போதும். சனிக்கிழமை ஒருதரம் கட்டிப்பார்த்து ஹாஷை முழுதாக அனுப்பு. என்னுடையதை முதலில் சொல்லமாட்டேன்.

உன்,
மச்சான்